முகிற்கணிமைத் தேர்வுகளும் கடைமடை இளைஞரும்

(வேளாங்கண்ணியில் கணினி பயிலும் இளைஞரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மேட்டூர் அணை திறக்கப்பெறும் நாள் சூன் 12 என்று இவ்வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 2022-ஆம் ஆண்டில் அணை மே 24-ஆம் நாளே திறக்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டிலோ சூலை 28 வரை உழவர் வானத்தையும் கருநாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. ஈராண்டுக்குள் ஒரே அணையின் திறப்புநாள் இரண்டு திங்களுக்கும் மேல் தள்ளிப்போயிற்று. அதற்காகத் தஞ்சை உழவன் உழவை மறந்துவிட்டானா? நாற்றங்கால் விடுவது எப்பொழுது, குறுவை உண்டா, இல்லையேல் நேரே சம்பாவுக்குப் போவதா, நடவா, நேரடி விதைப்பா என்று கணக்கை மாற்றிக்கொண்டானேயன்றி, நெல் எவ்வாறு வளரும் என்பதைப் புதிதாகக் கற்கவில்லை. நீர் வரும் நாள் வேறு, நெல்லின் இயல்பு வேறு என்னும் தெளிவு அவனுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு.

கணினித் துறையில் வேலை தேடும் தமிழ் இளைஞரிடம் காணக் கிடையாதது இத்தெளிவுதான். "படித்து முடிப்பதற்குள் தேர்வையே மாற்றிவிடுகிறார்கள், என்ன படித்து என்ன?" என்னும் புலம்பல், முகிற்கணிமைச் சான்றிதழுக்கு முயலும் இளைஞர் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. இப்புலம்பலில் பாதி உண்மை, பாதி சோம்பல். எது உண்மை, எது சோம்பல் என்று பிரித்துக் காட்டுதலே இவ்வுரையின் நோக்கம்.

முகிற்கணிமை என்பது யாது? 'மேகக் கணிமை' என்றெழுதுவாரும் உளர். முகில் என்னும் நற்றமிழ்ச் சொல் இருக்க, அவர் ஏன் மேகத்துக்கு ஓடுகிறார் என்பது அவருக்கே வெளிச்சம்! பெயர் எதுவாயினும் பொருள் எளிது. ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய கணினிகளைத் தானே விலைக்கு வாங்கி, அறை கட்டி, குளிரூட்டி, ஆளமர்த்திக் காப்பதற்கு மாற்றாக, எங்கோ ஓரிடத்தில் மலைபோற் குவித்து வைக்கப்பெற்றுள்ள கணினித்திறனை இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெற்று, பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பணங்கட்டும் முறை அது. அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எசு-3 என்னும் தரவு வைப்பகத்தையும், அதே ஆண்டு ஆகசுட்டில் வாடகைக் கணினியையும் ஊர்க்கு விட்டது. மைக்ரோசாப்ட்டின் அசூர் 2010 பிபுரவரியில் விற்பனைக்கு வந்தது. கூகுளும் இவ்வணியிற் சேர்ந்தது.

அமெரிக்க நாட்டின் தர, நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் இத்துறைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணம் கூறும் இயல்புகள் ஐந்து. வேண்டுவோன் யாரையும் கேளாமல் தானே எடுத்துக்கொள்ளுதல் ஒன்று. எங்கிருந்தும் வலை வழியே அணுகுதல் இரண்டு. பலர்க்கும் பொதுவாக வளங்களைத் திரட்டி வைத்தல் மூன்று. தேவைக்கேற்ப விரைவில் விரிதலும் சுருங்குதலும் நான்கு. அளந்து கொடுத்தல் ஐந்து. பொதுத் தேக்கம், மதகு, வேண்டும்போது மிகுதியாகத் திறத்தல், அளவுகோல் வைத்துப் பாய்ச்சுதல் என்று காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு இவற்றுள் எது புதியது? வந்த வெள்ளத்தைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து, ஒன்றும் உடையாமற் காப்பது கல்லணை. வந்த வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்து, ஒன்றும் திணறாமற் காக்கும் கருவிக்குச் சுமைபங்கீட்டுக் கருவி என்று பெயர். கல்லணையைக் கண்டவனுக்கு இக்கருவியைப் பற்றி ஐந்து மணித்துளிக்குமேல் விளக்க வேண்டியதில்லை. அதே செய்தியைப் பாதி புரிந்த ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்பவனுக்கோ ஐந்து நாளும் போதா.

இனித் தேர்வுக்கு வருவோம். இவ்வாடகைத் திறனைக் கையாளத் தெரிந்தவர் இவர் என்று, அவ்வந் நிறுவனமே தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. வேலைக்கு ஆளெடுப்போர் பலர் அச்சான்றிதழைக் கேட்கின்றனர். அமேசான் வலைப்பணிகளின் தீர்வு வடிவமைப்பர் துணைநிலைத் தேர்வு இவற்றுள் பெரிதும் அறியப்பெற்ற ஒன்று. அதன் மூன்றாம் வடிவத்தில் வினாக்கள் 65. நேரம் 130 மணித்துளி. ஆயிரத்துக்கு 720 புள்ளி பெற்றால் வெற்றி. கட்டணம் 150 தாலர். வரியுஞ் சேர்த்தால் 15,000 உருபாவை எட்டும். தோற்றவர் 14 நாள் பொறுத்து மீண்டும் எழுதலாம். ஆனால் கட்டணத்தையும் மீண்டும் முழுமையாகக் கட்ட வேண்டும். பெருநகரில் பெரிய நிறுவனத்தில் இருப்பவனுக்கு முதலாளி கட்டிவிடுவான். செருதூர்ப் படகுக்காரர் மகளுக்கும், வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் மெழுகுத்திரி விற்பவர் மகனுக்கும் யார் கட்டுவார்? ஒரு குடும்பத்தின் ஒரு திங்கள் உழைப்பு ஒரு முற்பகலில் போய்விடும். எனவேதான் தேர்வு மாறுகிறது என்னும் செய்தி கடைமடை இளைஞனுக்கு மட்டும் அச்சமாக வந்து சேர்கிறது.

அம்மாற்றம் எத்தகையது என்று கணக்கெடுத்துப் பார்ப்போம். இத்தேர்வின் எண்ணிட்ட வடிவங்களுள் முதல் வடிவம் 2018-இலும், இரண்டாம் வடிவம் 2020 மார்ச்சிலும், மூன்றாம் வடிவம் 2022 ஆகசுட்டு 30-ஆம் நாளிலும் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் வடிவத்தை எழுதக் கடைசி நாள் 2022 ஆகசுட்டு 29. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளும் அதுவே. ஊரே கொடி பார்க்கப் போன அன்று பழைய தேர்வு விடைபெற்றது!

முதல் வடிவத்தில் மீண்டெழுதிறனுக்கு நூற்றுக்கு 34 புள்ளி, காப்புக்கு 26, செயல்விரைவுக்கு 24, செலவுச் சிக்கனத்துக்கு 10, நடைமுறை மேன்மைக்கு 6. இரண்டாம் வடிவத்தில் மீண்டெழுதிறன் 30, செயல்விரைவு 28, காப்பு 24, சிக்கனம் 18. மூன்றாம் வடிவத்தில் காப்பு 30, மீண்டெழுதிறன் 26, செயல்விரைவு 24, சிக்கனம் 20. ஆறு புள்ளிக்குரிய ஒரு தலைப்புத் தவிர, மற்ற நான்கும் மூன்று வடிவங்களிலும் நிற்கின்றன. மாறியவை அவற்றின் எடையும் வரிசையும்தாம். திருட்டும் ஊடுருவலும் பெருகியமையால் காப்புத் தலைமேல் ஏறிற்று. வாடகைக் கணக்கைப் பார்த்து வாடிக்கையாளர் மலைத்தமையால் சிக்கனம் இரண்டு மடங்காயிற்று. உலக நடப்பைப் பார்ப்பவனுக்கு இம்மாற்றங்கள் வியப்பாகா.

சி.ஆர். 1009 என்னும் நெல்லை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். அதன் வெள்ளம் தாங்கும் திருத்தமே சி.ஆர். 1009 சப்-1. பழைய நெல்லின் இயல்பெல்லாம் அதில் உண்டு. இரண்டு கிழமையளவு நீரில் மூழ்கினாலும் மீளும் பண்பு மட்டும் கூடுதலாகச் சேர்க்கப்பெற்றது. பெயரில் ஒட்டிய சிறு வாலைப் பார்த்து, "இது வேறு பயிர், எனக்கு விளைவிக்கத் தெரியாது" என்று எந்த உழவனும் ஓடவில்லை. தேர்வின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் பெரும்பாலும் அத்தகைய வால்தான்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் கரணியம் உண்டு. மாற்றமெல்லாம் வால் அளவினவாக இரா. விடையே தலைகீழாவதும் உண்டு. எசு-3 வைப்பகத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பின்மேல் புதியதை எழுதிவிட்டு உடனே படித்தால், பழையது வரவுங்கூடும் என்பது 2020 நவம்பர் வரை சரியான விடை. 2020 திசம்பர் முதல், எழுதிய உடனே புதியதே வரும் என்று அமேசான் அமைப்பை மாற்றியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குறிப்பேடுகள் பொய்யாயின. இலாம்டா என்னும் பணியில் ஒரு நிரல் அதிக அளவு ஐந்து மணித்துளி ஓடலாம் என்றிருந்தது 2018 அக்டோபரில் பதினைந்தாயிற்று. 2023 சூலையில் மைக்ரோசாப்ட்டு, 'அசூர் ஆக்டிவ் டைரக்டரி' என்று ஆண்டுக்கணக்காக வழங்கிய பெயரை 'என்ட்ரா ஐடி' என்று மாற்றிற்று. பொருள் அதேதான், யார் உள்ளே வரலாம், வந்தவர் எதைத் தொடலாம் என்று முடிவு செய்யும் வாயிற்காவல். பெயர் மாறியதும் பழைய பெயரை மட்டும் உருப்போட்டவன் தேர்வறையில் புதியவனாகி நின்றான்.

தேர்வின் வடிவமும் மாறும். அமேசானின் அமைப்பு மேலாளர் தேர்வில் 2021-இல் செய்முறைப் பகுதி நுழைந்தது. 2023 மார்ச்சு 28 முதல் அது நீக்கப்பெற்றது. 2025 செப்டம்பர் 30-இல் தேர்வே புதுப்பெயரும் புதுவடிவமும் பெற்றது. தரவுப் பகுப்பாய்வுக்கும் தரவுத்தளத்துக்கும் இருந்த சிறப்புத் தேர்வுகள் 2024 ஏப்பிரலில் நிறுத்தப்பெற்றன. அதற்கு முந்திய திங்களில் தரவுப் பொறியாளர் தேர்வு வந்துவிட்டது. மைக்ரோசாப்ட்டுச் சான்றிதழ்களில் பணிநிலைக்குரியவை பலவற்றின் வாழ்நாள் 2021 முதல் ஓராண்டே. ஆனால் அவற்றை ஆண்டுதோறும் இணையத்தில், கட்டணமின்றி, நூலைப் பார்த்தே எழுதிப் புதுப்பிக்கலாம். இவ்வொரு செய்தியை அறியாமலே சான்றிதழை இழந்தவர் எத்தனை பேர்!

இவற்றுள் எதுவும் இரவோடிரவாகக் கமுக்கமாகச் செய்யப்பெற்றதன்று. பழைய தேர்வின் கடைசி நாள், புதிய தேர்வின் முதல் நாள், புதிய பாடவரைவு ஆகிய மூன்றையும் தேர்வு நடத்துவோர் முன்கூட்டியே தம் வலைத்தளத்தில் எல்லார்க்கும் காண வைக்கின்றனர். அப்படியிருந்தும் கடைமடைக்குச் செய்தி பிந்துவது ஏன்?

வெண்ணாற்றின் கிளையான வெள்ளையாறு இவ்வூருக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது. தலைமடையில் திறந்த நீர் இங்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும், எத்தனை மடை தாண்டி வரும், வரும்போது எவ்வளவு குறைந்து கலங்கி வரும் என்பதை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டா. தேர்வுச் செய்தியும் அவ்வாறே வருகிறது. நிறுவனம் வெளியிட்ட பாடவரைவை ஒருவர் படித்துக் காணொளி செய்கிறார். அதைப் பார்த்து ஒரு பயிற்சி நிலையத்தார் குறிப்பெழுதுகின்றனர். அக்குறிப்பை ஈராண்டுக்கு முன் படித்த அண்ணன் தம்பிக்குக் கொடுக்கிறான். தம்பி அதை நண்பனுக்குப் படியெடுத்துத் தருகிறான். நான்கு மடை தாண்டி வந்த அந்நீரை வைத்துக்கொண்டு 15,000 உருபாவைக் கட்டிவிட்டு, "தேர்வை மாற்றிவிட்டார்கள்" என்று அழுவதில் பயன் என்ன? காவிரி நீருக்குத் தலைமடைக்கு நேரே போய்விட முடியாது. ஆனால் பாடவரைவுக்கு எந்தச் சிற்றூரிலிருந்தும், கையிலுள்ள தொலைப்பேசி வழியாகவே, எவர் தயவுமின்றி நேரே போகலாம். போகாமலிருப்பதுதான் மேலே சொன்ன சோம்பல்.

நான்காம் மடையிலும் கீழாக ஒன்றுண்டு. உண்மைத் தேர்விற் கேட்ட வினாக்கள் என்று சொல்லிக் களவாக விற்கப்பெறும் வினாத்தொகுப்பு அது. அதை வாங்குவது அறத்துக்கும் மாறு. பிடிபட்டால் பெற்ற சான்றிதழும் பறிபோகும். அறத்தை விட்டுத்தள்ளுவார்க்கும் ஒன்று சொல்லலாம்: அத்தொகுப்பின் விடைகள் எந்த ஆண்டினுடையவை, எவர் எழுதியவை என்று விற்பவனுக்கே தெரியாது. 2020-க்கு முந்திய எசு-3 விடை இன்னும் அவற்றுள் உலவக்கூடும்.

ஆகலின் ஆயத்தம் எவ்வாறு செய்வது? முதல் வேலை, எழுதவிருக்கும் தேர்வின் அலுவன்முறைப் பாடவரைவை இறக்கி, அதன் வடிவ எண்ணையும் நாளையும் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிவைத்தல். அடுத்து, வடிவமாற்றம் அறிவிக்கப்பெற்றுள்ளதா என்று பார்த்து, பழையதை முடித்துவிடுவதா, புதியதுக்குக் காத்திருப்பதா என்று அன்றே முடிவு செய்தல். படிப்பில் முக்காற்பங்கு முடிந்தவன் பழையதை எழுதிவிடலாம். இன்னும் தொடங்காதவன் புதியதற்கே போகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று தயங்குபவனுக்கே இழப்பு.

பிறகு குறிப்பேடு. விரித்த ஏட்டின் இடப்பக்கத்தில் கருத்தைத் தமிழில் எழுதுக. வலப்பக்கத்தில் அக்கருத்துக்கு இந்நிறுவனம் இட்டிருக்கும் ஆங்கிலப் பெயரையும், அளவுகளையும், வரம்புகளையும், அவற்றைச் சரிபார்த்த நாளையும் கரிக்கோலால் எழுதுக. மைக்கு இடம் இடப்பக்கத்தில் மட்டுமே. ஓர் எடுத்துக்காட்டு: இடப்பக்கத்தில், 'ஒரே கரையில் இரண்டு படிகளை வைத்தால் ஒரே அலை இரண்டையும் கொண்டுபோகும், ஆகவே படிகளைப் பிரித்து வை' என்று எழுதலாம். 2004 திசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையையும், 2018 நவம்பர் 16-இன் கசாப் புயலையும் கண்ட ஊருக்கு இவ்வொரு வரியின் பொருளை எந்தப் பேராசிரியரும் வந்து விளக்க வேண்டியதில்லை. வலப்பக்கத்தில், அமேசானுக்கு இந்தியாவில் மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 முதலும் வட்டாரங்கள் உள்ளன என்பதையும், ஒரு வட்டாரத்துக்குள்ளேயே தனித்தனி மின்னூட்டமும் வலையிணைப்பும் கொண்ட பிரிவுகள் உள்ளன என்பதையும், எந்தப் பணி தானே படியெடுக்கும், எதற்கு ஆள் சொல்ல வேண்டும் என்பதையும் குறிக்கலாம். தேர்வு மாறும்போது வலப்பக்கத்தை அழித்தெழுதுவது ஒரு கிழமை வேலை. இடப்பக்கம் அப்படியே நிற்கும். அமேசானை விட்டு அசூருக்குப் போக நேர்ந்தாலும் நிற்கும்.

இடப்பக்கம் தமிழில் இருக்கவேண்டும் என்பது மொழிப்பற்றுக்காகச் சொல்வதன்று. பற்று இருப்பின் நன்றே. விளங்காத மொழியில் எழுதிய கருத்து, கருத்தாக உள்ளே தங்குவதில்லை, ஒலியாகத் தங்குகிறது. ஒலி மாறினால் எல்லாம் போய்விடுகிறது. மொழியின் பொருட்டுத் தேர்வில் வீழ்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. கணித மேதை இராமானுசன் குடந்தை அரசு கல்லூரியில் உதவித்தொகையை இழந்தது ஆங்கிலத்தில் தோற்றமையாலேயே, ஆண்டு 1905.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கலைச்சொல்லை ஆக்கிவிட்டால் கலையே வந்துவிட்டது என்று எண்ணி அமர்ந்துவிடுவோர் தனித்தமிழ் அன்பரிடையும் உளர். மெய்ந்நிகர் பொறி என்று எழுதத் தெரிந்தவர், அதை ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தாரா? கொள்கலன் என்று பெயரிட்டவர், அதனுள் ஒரு நிரலை இட்டு ஓட்டினாரா? குபெர்நெட்டீசு என்னும் கருவியின் பெயர் கிரேக்கத்தில் மீகாமனைக் குறிக்கும் சொல். நாகைத் துறையிலிருந்து சோழர் கலங்களைச் செலுத்தியவனுக்குத் தமிழர் இட்ட பெயரும் மீகாமனே. இதைச் சொல்லி மகிழ்வது தக்கதே. ஆனால் அக்கருவிக்கான மேலாளர் தேர்வில் வினாவுக்கு விடை தெரிவு செய்யும் வேலையே இல்லை. இரண்டு மணி நேரம் கணினியின்முன் அமர்ந்து, கட்டளைகளை இட்டு, பழுதைச் சரிசெய்து காட்ட வேண்டும். 2025 பிபுரவரி 18-இல் அதன் பாடமும் மாறியது. 2024 ஏப்பிரல் முதல் பெற்றோர்க்கு அச்சான்றிதழின் வாழ்நாள் மூன்றாண்டு அன்று, இரண்டாண்டே. மீகாமன் என்னும் சொல்லை அறிந்தவன் கலத்தையும் செலுத்தக் கற்க வேண்டும்.

செய்து பழகச் செலவாகுமே என்பர். அமேசானில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோர்க்குப் பன்னிரண்டு திங்கள் சில பணிகள் விலையில்லாமற் கிடைக்கும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2025 சூலை 15-இல் அம்முறையும் மாறிற்று. அந்நாள் முதல் புதுக்கணக்குக்குத் தொடக்கத்தில் 100 தாலர் மதிப்புள்ள வரவும், சில பயிற்சிகளை முடித்தால் மேலும் 100 தாலர் வரையும் தரப்பெற்றன. விலையில்லாத் திட்டத்தின் வாழ்நாள் ஆறு திங்கள். ஆறு திங்களில் முடிப்பதற்கேற்பப் படிப்பைத் தொடங்கிய பின்னர்க் கணக்கைத் தொடங்குவதே அறிவுடைமை. முதல் நாளே செலவு எச்சரிக்கையை அமைத்துவிடவேண்டும். பழகி முடித்தபின் கணினியை நிறுத்தாமற் போவது, பாய்ச்சி முடித்தும் மடையை அடைக்காமற் போவதுபோலாம். பொழுது விடிவதற்குள் வயல் போய்விடும். பணங்கட்டும் கணக்கிற் செய்தால் போவது அப்பன் பணம்.

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. சப்பானியம், கொரியம், சீனம், செருமானியம், இத்தாலியம் ஆகிய மொழிகளிலும் அமேசான் தேர்வுகள் பல நடத்தப்பெறுகின்றன. தமிழ் அவ்வரிசையில் இல்லை. அந்நாட்டினர் தம் மொழியிற் கேட்டுப் பெற்றனர். வாங்குவோன் கேட்டால் விற்போன் தருவான். தமிழர் கேட்கத் தொடங்கும் வரை ஆங்கில வினாவை ஆங்கில வினாவாகவே படித்து வெல்லவேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. பல வினாக்களில் நான்கு விடைகளும் வேலை செய்யக்கூடியனவாகவே இருக்கும். வினாவின் கடைசி அடியில், பெரிய எழுத்தில், 'மிகக் குறைந்த செலவில்' என்றோ 'மிகக் குறைந்த பேணுதல் வேலையோடு' என்றோ பொருள்படும் ஒரு சொல் நிற்கும். அச்சொல்லே வினா. அதைத் தவறவிட்டவன் சரியான விடையைத் தெரிந்திருந்தும் தவறுவான். ஆகவே கடைசி அடியை முதலிற் படித்துவிட்டு, பிறகு மேலே போகவேண்டும். தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே எந்த வினாவையும் விடாமல் எழுதவேண்டும். 65 வினாக்களில் 15 மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பெறாதவை. வருங்காலத் தேர்வுக்கு விதை முளைக்கிறதா என்று பார்ப்பதற்காக இடப்பெறுபவை. எவை என்று எழுதுவோர்க்குத் தெரியாது. படித்தறியாத வினா வந்தால் உள்ளம் உடைய வேண்டா. அது அப்பதினைந்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்க்கு 30 மணித்துளி மிகையாகத் தரும் ஏந்து அமேசான் தேர்வுகளில் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தேர்வுக்குப் பதிவதற்கு முன்னர்க் கேட்க வேண்டும். ஒருமுறை பெற்றால் பின்னர்ப் பதியும் தேர்வுகளுக்கும் அது நிற்கும். வினாவுக்கு இரண்டு மணித்துளி என்றிருப்பது ஏறத்தாழ இரண்டரையாகும். "ஆங்கிலம் தெரியாதவன் என்று நானே எழுதிக்கொடுப்பதா?" என்று இதைக் கேளாது விடும் இளைஞர் உளர். தமிழ் தாய்மொழி என்று எழுதிக்கொடுப்பதில் இழிவு எங்கே வந்தது?

கடைசியாக இடமும் பெயரும். வீட்டிலிருந்தே கணினிக் கண்காணிப்பில் எழுதலாம். வெளியூர்த் தேர்வு நடுவத்துக்குச் சென்றும் எழுதலாம். வீட்டில் எழுதுவோர், அறைக்குள் வேறெவரும் வாராமல், கதவடைத்து, மேசையில் ஒன்றுமில்லாமல் அமர வேண்டும். வினாவை வாய்விட்டுப் படிக்கவும் கூடாது. உதடசைத்துப் படித்துப் பழகியோர் இதை முன்னரே விட்டொழிக்க வேண்டும். மின்வெட்டும், ஆகசுட்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா ஒலிபெருக்கியும் உள்ள ஊரில், பேருந்துச் செலவு ஆனாலும் நடுவத்துக்குப் போவதே நல்லது.

பதிவுப் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கேட்கும். தமிழர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. சிலர் அவ்வோரெழுத்தைக் கடைசிப்பெயராக இடுவர். சிலர் சாதிப்பெயரைத் தேடி ஒட்டுவர். இரண்டும் வேண்டா. அரசு தந்த ஒளிப்பட அடையாள அட்டையில் பெயர் எவ்வாறுள்ளதோ, எழுத்துக்கெழுத்து அவ்வாறே பதிவிலும் இருக்க வேண்டும். இல்லையேல் வாயிலிலேயே திருப்பியனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. அட்டையில் தலைப்பெழுத்து மட்டும் இருப்பின், தந்தையின் முழுப்பெயரும் விளங்கக் கடவுச்சீட்டு எடுத்து, அதன்படி பதிந்துகொள்ளலாம். கடவுச்சீட்டுக்கு நாளாகும், அவ்விண்ணப்பத்தைப் பாடவரைவை இறக்கிய அன்றே போட்டுவிட வேண்டும்.